பாயாசம் வருவதற்கு முன்னால்

பகவதிக்குக் கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. இதற்குள் அவள் பிறந்த வீட்டு வகையில் பதினொரு கல்யாணம் நடந்திருக்கிறது. பதினொன்றுக்கும் போனாள். ஒன்றில்கூடப் பாயாசம் குடித்ததில்லை. சர்க்கரை வியாதி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வியாதி ஒன்றும் கிடையாது, கட்டிய புருஷன் குமாரதாஸ், அவ்வளவுதான்.

குமாரதாஸ் கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். ஒரே மகள் ஆதிராவை நர்சிங் படிக்க வைக்கிறார். ஆனால் மாமனார் வீட்டு வகையில் ஒரு பந்தலைக் கண்டால் போதும், மனுஷனுக்குப் பிணக்கம் வந்துவிடும். எந்த வாசல் வழியாக வரும் என்றுதான் யாராலும் சொல்ல முடியாது.

சொந்தக் கல்யாணத்திலேயே ஆரம்பித்து வைத்தார். மாப்பிள்ளைக்குப் போட்ட இலையின் நுனி வலது கைப் பக்கமாக இருந்ததாம். எழுந்துவிட்டார். பக்கத்து இலையிலிருந்து பகவதியும் எழுந்தாள். பின்னே என்ன செய்வாள், தாலி ஏறி ஒரு மணி நேரம்தானே ஆகியிருந்தது! அதன் பிறகு ஒரு கல்யாணத்தில் அழைப்பிதழில் இனிஷியல் விட்டுப்போனது. இன்னொன்றில் வீடியோக்காரன் இவர் முகத்துக்கு நேராக வந்ததும் பேட்டரி மாற்றினான். ஒரு கல்யாணத்தில் எதற்கென்று இன்றுவரை தெரியாது. அவருக்கே மறந்துவிட்டது. ஆனால் பிணக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது.

அவர் எழுந்தால் பகவதியும் எழுவாள். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எழுவாள். உடனே நாலு பேர் பின்னாலேயே ஓடி வருவார்கள். "அய்யோ, பகவதி பாதி இலையில எழும்பிட்டாளே, பாவம்!" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். குமாரதாஸ் முகத்தில் அப்போது ஒரு நிறைவு தெரியும். அது அவருக்குச் சாப்பாட்டைவிடப் பெரியது.

இதில் பகவதிக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. தங்கை ஸ்ரீகலாவின் கல்யாணம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். இவருக்கு முன்னால் வந்தவர்மேல் தெளித்தார்கள், பின்னால் வந்தவர்மேலும் தெளித்தார்கள். நடுவில் செம்பு தீர்ந்து, இன்னொரு செம்பு எடுத்து வரப் போன நேரத்தில் இவர் உள்ளே போய்விட்டார். பந்தியில் சாம்பார் ஊற்றும்போதுதான் தோளைத் தொட்டுப் பார்த்து, நனையவில்லை என்று கண்டுபிடித்தார். இரண்டு பேரும் ஜீப்பில் ஏறும்போது, கழுத்தில் மாலையோடு ஸ்ரீகலா வாசல்வரை ஓடி வந்தாள். "அக்கா, ஒரு வாய் தின்னுட்டுப் போ அக்கா!" பகவதி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். பிறகு இரண்டு வருஷம் தங்கை பேசவே இல்லை.

இப்போது அந்த ஸ்ரீகலாவின் மகள் நந்தனாவுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை, ஆரல்வாய்மொழியில். ஸ்ரீகலாவின் புருஷன் தாணுமாலயன் குலசேகரத்துக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை நேரில் வந்து அழைத்தார். அழைப்பிதழில் குமாரதாஸ் பேர்தான் முதல் பேர், இனிஷியலோடு. குமாரதாஸ் கண்ணாடியைப் போட்டு மூன்று தடவை படித்தார். குற்றம் கிடைக்கவில்லை.

ஆண்கள் இரண்டு பேரும் முன்னறையில் பேசிக்கொண்டிருக்கும்போது, கூட வந்திருந்த ஸ்ரீகலா அடுக்களையில் சாயா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இது எனக்க மகளுக்க கல்யாணம். இதுலயும் நீ பாதியில எழும்பினேன்னு வையி, பொறவு எனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது. கோவத்துல சொல்லல்ல. யோசிச்சுத்தான் சொல்லுகேன்."

பகவதி கழுவின டம்ளர்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பாவ விட்டுட்டு நாம ரெண்டு பேரும் பஸ்ஸுல போவோம்மா" என்று ஆதிரா ராத்திரி சொல்லிப் பார்த்தாள்.

"விட்டுட்டுப் போனா அதுக்கும் பிணங்குவாரு மக்கா."

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் காரில் புறப்பட்டார்கள். நாகர்கோவில் தாண்டி, ஆரல்வாய்மொழியில் இறங்கினதும் காற்று குமாரதாசின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. காற்றுமேல் பிணங்க முடியாததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே ஏற்பாடெல்லாம் பலமாக இருந்தது. தாணுமாலயனின் சித்தப்பா மகன் கிருஷ்ணமணி, முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறை கேட்டுச் சண்டை போட்ட அத்தனை பேரையும் சிரித்தபடியே இறக்கிவிட்ட மனுஷன். அவருக்கு இந்தக் கல்யாணத்தில் வேறு வேலை கிடையாது, குமாரதாசைப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். நாற்காலி, ஃபேன், சீனி இல்லாத சாயா எல்லாம் கேட்பதற்கு முன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டப வாசலில் கிருஷ்ணமணி தன் கையாலேயே பன்னீர் தெளித்தார். மூன்று தடவை. குமாரதாசின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

தாலி கட்டி முடிந்தது. நந்தனா மணமேடையில் குனிந்தபடி சிரித்ததைப் பார்த்தபோது பகவதிக்குக் கண் கலங்கியது. ஆனால் பயம் போகவில்லை. இதுவரைக்கும் எல்லாமே பந்தியில்தான் நடந்திருக்கிறது.

முதல் பந்தி. ஃபேனுக்கு நேர் கீழே ஓரத்து இடம். இலை சரியாகத்தான் கிடந்தது. உப்பேரி, இஞ்சிப் பச்சடி, அவியல், எரிசேரி, தோரன் என்று வரிசையாக விழுந்தது. பகவதி இலையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பும் நெய்யும் தாண்டியது. சாம்பார் தாண்டியது. புளிசேரியும் தாண்டியது. வரிசையின் அந்தக் கோடியில் அடைப்பிரதமன் பாயாச வாளி வெளியே வந்தது. தாயே, இந்த ஒரு தடவை, என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள்.

அப்போது தாணுமாலயன் பந்தி விசாரிக்க வந்தார். வீட்டுக்காரர் ஒவ்வொரு இலையாக நின்று கேட்க வேண்டும், அதுதான் மரியாதை. "கேட்டு வாங்கிச் சாப்பிடணும், கூச்சப்படப்பிடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். குமாரதாசுக்கு முந்தின இலையில் இருந்தவரிடம் அவருடைய மகன் துபாயிலிருந்து எப்போது வருகிறான் என்பதுவரைக்கும் கேட்டார். அடுத்த அடி எடுத்து வைக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. "ஆமா, ஆமா, பஸ்ஸ கோயில் பக்கம் நிறுத்தச் சொல்லு" என்று பேசிக்கொண்டே குமாரதாசையும் பகவதியையும் தாண்டி, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கிருஷ்ணமணி அந்நேரம் பார்த்துக் குமாரதாசுக்கு இன்னொரு பப்படம் வாங்க அடுக்களைக்குப் போயிருந்தார்.

குமாரதாஸ் சோற்றில் வைத்த கையை எடுத்தார். மூக்கு விடைத்தது. பகவதிக்கு அந்த மூக்கை நன்றாகத் தெரியும்.

"ஏட்டி, எழும்பு."

வாளி நாலு இலைக்கு அப்பால் நின்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அவளுக்குக் கைக்கே எட்டவில்லை. இருபத்துமூன்று வருஷப் பழக்கம், கால் தானாகவே நாற்காலியைப் பின்னால் தள்ள ஆரம்பித்தது. தள்ளின சத்தம் அவள் காதில் விழுந்தது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க கை கழுவுங்க. நான் முடிச்சிட்டு வாறேன்."

குமாரதாசுக்குப் புரியவில்லை. "எழும்புன்னு சொன்னேன்."

"கேட்டுது."

அவர் எழுந்து நின்றார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார். பகவதி இலையில் ஒரு பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டி வாழைப்பழத்தை உரித்துப் பிசைந்து, வாளிக்காரரிடம் சொன்னாள்: "மக்கா, இங்க நல்லா ஊத்து."

முதல் வாயில் ருசியே தெரியவில்லை, நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. இரண்டாவது வாயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. சவம், இதற்குத்தானா இத்தனை வருஷம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மூன்றாவது வாயில் அந்த எண்ணம் போய்விட்டது. பிறகு போளியும் பால்பாயாசமும் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி அதற்கப்புறம்தான் ரசம் வந்தது. கடைசியில் மோர். இரண்டு கையையும் குவித்து நீட்டி வாங்கிக் குடித்தாள், முழங்கை வரைக்கும் வழிந்தது.

குமாரதாஸ் கை கழுவுகிற இடத்தில் காத்து நின்றார். யாரும் ஓடி வரவில்லை. பொஞ்சாதி பக்கத்து இலையில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, தனியாக எழுந்துபோகிற மனுஷனைப் பார்த்து யாருக்குப் பிணக்கம் என்று தோன்றும்? வயிறு நிறைந்து எழுந்தார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பப்படத்தோடு திரும்பி வந்த கிருஷ்ணமணி கைதுடைக்கக் காகிதம் நீட்டி, "எப்படி அத்தான், சாப்பாடு திருப்தியா?" என்று கேட்டார். இருபத்துமூன்று வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"ம்" என்றார்.

பகவதி மேடைப் பக்கம் வந்தாள். போட்டோக்காரர் குடும்பம் குடும்பமாக நிறுத்திக்கொண்டிருந்தார். ஆதிரா ஏற்கெனவே மேடையில் நந்தனாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தாள். அக்கா தனியாக வருவதைப் பார்த்ததும் ஸ்ரீகலாவின் முகம் செத்துப்போனது.

"அத்தான் எங்கக்கா? போயாச்சா?"

"இல்லட்டி."

பகவதி திரும்பிக் கையைக் காட்டினாள். சாப்பாட்டு ஹாலில் இரண்டாவது பந்தி தொடங்கியிருந்தது. கடைசி வரிசையில், மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடமாகப் பார்த்துக் குமாரதாஸ் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை நிமிராமல் பருப்பிலிருந்து ஆரம்பித்திருந்தார். நெய் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி அவராகவே கேட்டு வாங்கினார்.

"சாப்பிடுகாரு" என்றாள் பகவதி.

"அப்போ நீ?"

"நான் மோரு வரைக்கும் குடிச்சாச்சு ஸ்ரீகலா."

ஸ்ரீகலா அக்காவின் கையைப் பிடித்தாள். பிறகு தோளைப் பிடித்தாள். அப்புறம் யார் முதலில் அழ ஆரம்பித்தது என்று ஆதிராவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் மேடையில் எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார்கள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, முதலில் படத்தை எடுத்துவிடலாம், அழுகையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொன்னார்.

இரண்டு பேரும் கேட்கவில்லை.