அண்ணன் தட்டிய டின்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் ஒரு தகர டின் கிடக்கிறது. ஒரு பக்கம் முழுக்க நசுங்கியது. மங்கலத்துப் பக்கம் பனியன் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்தபோது பிளீச்சிங் பவுடர் வந்த டின். இப்போது பட்டறையும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை.

என் அண்ணன் மோயாற்றுப் பள்ளத்தாக்கில், காப்புக்காட்டுக் காவலராக இருந்தார். எனக்குக் கல்யாணமான முதல் கோடையில் எங்களை விருந்துக்கு அழைத்தார். இருபுறமும் செங்குத்துப் பாறை, நீர்மருத மரங்களில் பாறுக் கழுகுகளின் கூடு, கீழே ஓட்டம் குறைந்து ஆங்காங்கே தேங்கிய மடுக்கள். நீர்நாய்க் குட்டிகள் ஒன்றையொன்று துரத்துவதை ஒரு பாறை மறைவிலிருந்து காட்டினார். தங்கை மாப்பிள்ளைக்குத் தன் தோட்டத்தையே சுற்றிக் காட்டுவது போல அவருக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் மத்தியானம் அண்ணன் காட்டுக்குள் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்திருந்த பவுடர் டின்னைத் திறந்து மடுவில் கொட்டினார். "நம்மூர்க் குட்டையில இப்படித்தான புடிக்கறோம். மச்சானுக்கு மீன் கொழம்பு வெச்சுப் போடலாம்" என்றார். வேண்டாமுங்க என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் மடு முழுக்க மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன.

அண்ணன் வந்து பார்த்தார். வேறு யாராயிருந்தாலும் கையைக் கட்டி இழுத்துப் போயிருப்பார். இது தங்கை புருஷன். "பரவாயில்லீங்க மாப்பிள்ளை. வெயில்ல நிக்காதீங்க, ஊட்டுக்குப் போயிச் சாப்பிடுங்க" என்றார்.

பொழுது சாயும்போது மான்கள் அங்கேதான் தண்ணீருக்கு வரும். அண்ணன் அந்தக் காலி டின்னையே எடுத்துக் கட்டையால் தட்டி விரட்ட ஆரம்பித்தார். எல்லாம் ஓடின. குட்டியோடு வந்த ஒரு புள்ளிமான் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது. அவருடைய காக்கிச் சட்டை அதற்குப் பழக்கம். "போங்க கண்ணு, குடிக்காதீங்க கண்ணு" என்று கெஞ்சினார். அது தண்ணீரில் வாய் வைக்கப் போனதும் கல்லை எடுத்து வீசினார். முன்னங்காலில் பட்டது. நொண்டிக்கொண்டே குட்டியோடு போனது.

"என்னைய நம்பித்தான் அம்மிணி நின்னுச்சு" என்று உட்கார்ந்துவிட்டார். நான் கூனிக் குறுகிப் போனேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. விடியும்வரை டின் சத்தம் கேட்டது. இவர் தூங்கவில்லை.

காலையில் கிளம்பும்போது அண்ணன் டின்னைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். "மாப்பிள்ளையோட சாமானை மறந்துட்டுப் போறீங்களே" என்றார். குத்தலே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

பின்னாளில் பழைய இரும்புக்குப் போட இவர் அதை ஒருமுறை வெளியே எடுத்தார்.

"அது எங்கண்ணன் குடுத்த சீருங்க" என்றேன்.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.