பதினொண்ணு பதினேழுக்கு விழுந்த கல்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி வாக்கில் ஒரு போன்.

"மேடம், எங்க வூட்ல கல்லு வுழுந்துச்சு!"

"யார் அடிச்சா?"

"யாரும் அடிக்கல மேடம். மேலேர்ந்து வுழுந்துச்சு. வானத்துலேர்ந்து!"

பேசியது அமுலு. பென்னலூர்க்காரி. எங்கள் தெருவுக்கு வண்டியில் கீரை, காய்கறி கொண்டு வருபவள். கையிலிருந்த தோசைத் திருப்பியைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அடுப்பை அணைத்தேனா? பாதி தூரம் போன பிறகுதான் இந்தக் கேள்வியே வந்தது. திரும்பவில்லை. (அணைக்கவில்லை. தோசை கரி. வீட்டுக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.)

என் பைத்தியம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன்... நான் விண்கல் சேர்க்கிறவள். அதிலும் எல்லா விண்கல்லும் வேண்டாம். விழுந்ததை யாராவது கண்ணால் பார்த்த கல் மட்டும்தான் வேண்டும்.

விண்கற்களில் இரண்டு வகை — கிடந்தது, விழுந்தது. பாலைவனத்தில் யாரோ காலில் இடறி எடுத்தால் அது கிடந்தது. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னார் பார்க்க வந்தால் அது விழுந்தது. என்னிடம் நாலு இருக்கின்றன. பட்டாணி அளவுதான். பிஸ்கட் டின்னில் பஞ்சு போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு இருக்கும் — ஊர், நாள், நேரம், பார்த்தவர் பேர். கல் தொலைந்தால் அழுவேன். சீட்டு தொலைந்தால் சாப்பிடவே மாட்டேன்.

இருபது வருஷம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள் நான். ஆதாரம் இல்லாத எதையும் பாஸ் பண்ண மாட்டேன். 'கல்லு மேடம்' என்று பேர் பரவியதிலிருந்து வாரம் ஒருவராவது கறுப்பாக, கனமாக எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். "காந்தத்துல ஒட்டுது மேடம்!" என்பார். நம்ம ஏரியாவில் எது ஒட்டாது? ஃபவுண்டரி கசடு ஒட்டும். உடைந்த பிரேக் டிரம் ஒட்டும். வாசல் மண்ணே ஒட்டும்!

அதனால் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமல்தான் போனேன்.

அமுலு வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில் மேலே ஷீட் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே அழுக்குத் துணி போடும் நீல டிரம். அதன் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே, ஒரு நைட்டி மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது கல்.

கைக்குள் அடங்கும் அளவு. மேலே தீய்ந்த தோசை மாதிரி மெல்லிய கறுப்புத் தோல். ஒரு முனை உடைந்திருந்தது — உள்ளே சாம்பல் நிறம், அதில் கடுகு கடுகாய் உருண்டைகள்.

கசடு இல்லை. பிரேக் டிரம் இல்லை. அம்மாடி... வாழ்நாள் முழுக்க நான் காத்திருந்த ஆசாமி, ஒரு நைட்டி மேல்!

பின்பக்கம் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, வாழ்க்கையின் மாபெரும் தப்பைச் செய்தேன். உரக்கக் கேட்டேன்:

"சாட்சி யாரு?"

அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் இடம் காலி! எங்கே போனார்கள், எப்படிப் போனார்கள் என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மட்டும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார்.

"சாட்சின்னா கோர்ட்டுக்குப் போவணுமே மேடம். ஹைவேஸ்ல லாரி மோதுனத பாத்தேன்னு சொல்லிட்டு என் மச்சான் மூணு வருஷம் அலைஞ்சான். நாங்க இன்னாத்தயும் பாக்கல."

"கோர்ட்டெல்லாம் இல்லைங்க. அரசுப் புவியியல் துறைக்குச் சொல்லணும். அவங்க வந்து பார்ப்பாங்க."

"கவர்மென்ட்டா?" அவர் முகம் மாறியது. "கல்லுன்றீங்க, கவர்மென்ட்டுன்றீங்க... எடத்த எடுத்துக்குவாங்களா?"

நீங்கள் சிரிக்கலாம். அவர் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் கவர்மென்ட் கல் என்றால் சர்வேக்காரர்கள் நடும் கல். அது வந்த வயலில் அடுத்த வருஷம் கம்பெனி கேட் வந்தது. வானத்திலிருந்து நட்டாலும் கல் கல்தானே என்பது அவர் கணக்கு.

எனக்கோ தலை சுற்றியது. விழுந்த கல் இதோ இருக்கிறது. பார்த்தவர் யாரும் இல்லையென்றால்? ஷீட் ஓட்டைக்கு நேரம் சொல்லத் தெரியுமா?

சாட்சி என்றால் அவ்வளவு லேசில்லை. ஐரோப்பாவில் படித்த பெரியவர்கள் ரொம்ப நாள் இதை நம்பவே இல்லை. கல்லாவது, வானத்திலிருந்து விழுவதாவது என்று சிரித்தார்கள். பார்த்தேன் என்று சொன்னவர்கள் உழுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள். அவர்கள் பேச்சை யார் எடுத்தார்கள்? இருநூறு வருஷத்துக்கு முன் பிரான்ஸில் ஒரு ஊரைச் சுற்றிப் பட்டப்பகலில் கல்மழையே பெய்தது. இளம் விஞ்ஞானி ஒருவர் கிளம்பிப் போய் ஊர் ஊராக விசாரித்தார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே கதையைச் சொன்னார்கள். பிறகுதான் பெரியவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அந்தக் காலத்தில் வேலை வயலில். நிமிர்ந்தால் வானம். இப்போது பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை ஆயிரம் பேர் — அத்தனை பேரும் காலை பதினொரு மணிக்கு ஷெட்டுக்குள். நிமிர்ந்தால் டியூப்லைட். வேலை நாளில் வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால்... வேலைக்குப் போகாத ஒருவன் வேண்டும்!

இப்படி யோசித்துக்கொண்டே திரும்பினேன். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு கம்பெனி ஐடி கார்டு.

இருபது வருஷ குவாலிட்டி மூளை விழித்துக்கொண்டது. கார்டு இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆறிலிருந்து இரண்டு. கார்டு இங்கே என்றால், ஆள் எங்கே?

"அமுலு, உன் வீட்டுக்காரர் எங்கே?"

"கம்பெனிக்குப் போய்க்கீறாரு மேடம்," என்றாள், மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டே.

அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து லுங்கியும் பனியனுமாக எழுந்து வந்தான் தசரதன். (இந்தக் கட்டுரையில் ஆட்கள் பேர் எல்லாம் மாற்றிய பேர். ஏன் என்று கடைசியில் புரியும்.)

"மேடம், யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆறு நாளா ஓ.டி. இன்னிக்கு ஒடம்பு எழுந்திருக்கல. தொட்டி நெழல்ல பாயப் போட்டு மல்லாக்கப் படுத்துகினு இருந்தேன். பளீர்னு ஒரு வெளிச்சம், பகல்லயே! பின்னாலயே கோடு மாதிரி பொகை. அப்புறம் டம்மு டம்முன்னு சத்தம், லாரி டயரு வெடிச்ச மாதிரி. கொஞ்ச நேரத்துல நம்ம ஷீட்டு ஒடையுது!"

"நேரம்?"

"பதினொண்ணு பதினேழு."

"அவ்வளவு கரெக்டா எப்படி?"

"சூப்ரவைசர் எப்ப போன் பண்ணுவாரோன்னு பயந்துகினே போன கையிலயே வெச்சினு இருந்தேன் மேடம்."

"கல்லைத் தொட்டியா? சூடா இருந்ததா?"

"நான்தான் மொதல்ல எடுத்தேன். பாத்துட்டு இருந்த எடத்துலயே வெச்சிட்டேன். சூடெல்லாம் இல்ல. சும்மா ஜில்லுனு இருந்துச்சு."

எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. விண்கல் கதை விடுகிறவர்கள் எல்லோரும் 'நெருப்பாகச் சுட்டது' என்பார்கள். நிஜத்தில் சின்னக் கல் கீழே வருவதற்குள் பெரும்பாலும் ஆறிவிடும். ஜில்லென்று இருந்தது என்பவன் தொட்டுப் பார்த்தவன்!

"பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட். வல்லம் வடகால் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. பர்மனென்ட் ஆகிறவர்கள் லிஸ்ட் அடுத்த வாரம் வருகிறது. மூன்று பேர். அதில் அவன் பேரும் இருக்கிறது என்று பேச்சு. லீவுக்குப் பொய்க் காரணம் சொன்னது தெரிந்தால் அந்தப் பேர் இருக்காது.

"என்ன காரணம் சொன்னே?"

தரையைப் பார்த்தான். "அமுலு பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து கால ஒடைச்சிக்கிச்சுன்னு..."

"யோவ்!" என்றாள் அமுலு. "என் காலா? உன் கால ஒடைச்சிக்கினு போறதுதானே! வேற காலே கெடைக்கலியா உனக்கு?"

அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்து அவன் என் பின்னால் ஒதுங்கினான். அங்கிருந்தே ஒரு யோசனை சொன்னான் பாருங்கள்.

"மேடம், நேரத்த மட்டும் மாத்திக்கலாமா? ரெண்டரைக்கு வுழுந்துச்சுன்னு போட்டுக்கலாம். ஷிஃப்ட்டு முடிஞ்சிருக்கும்."

எத்தனையோ கோடி மைல் தாண்டி வந்த விருந்தாளியை ஷிஃப்ட் முடியும் வரை வெயிட் பண்ணச் சொல்கிறான்! சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கே சபலம் தட்டியது. ஒரு நல்ல மனுஷன் வேலை பெரிதா, மூன்று மணி நேரம் பெரிதா? ஆனால் நேரத்தை வைத்துத்தான் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போடுவார்கள். அதை மாற்றினால் கல் இருக்கும், கதை பொய்யாகும். முடியாது என்றேன். அவன் பேரையும் எழுதவில்லை. கல்லைச் சுத்தமான எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடிவிட்டு, துறைக்குப் போன் செய்தேன்.

மத்தியானம் இரண்டரைக்கு வாசலில் ஒரு பைக். சூப்பர்வைசர் செல்லத்துரை. திருநெல்வேலிக்காரர். கால் உடைந்த பெண்ணைப் பார்க்க ஆப்பிளும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், தங்கமான மனுஷன்.

கால் உடைந்த பெண் வாசலில் நின்று ஷீட் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா... காலு?" என்றார் அவர்.

அமுலு கண் இமைக்கவில்லை. "சரியாப் போச்சு சார்! வானத்துலேர்ந்து கல்லு வுழுந்துச்சு பாருங்க, அந்தப் பயத்துல எழுந்து ஓடுனேன். அத்தோட வலியே காணோம்!"

செல்லத்துரை அவளைப் பார்த்தார், ஷீட் துண்டுகளைப் பார்த்தார், ஆப்பிளைக் கொடுத்தார், பைக்கை எடுத்துக்கொண்டு போனார். தசரதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அமுலு சொன்னது சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் மூட்டு வலிக்காரர்கள் எல்லாரும் அமுலு வாசலில்! கல்லைத் தொடணுமாம். மஞ்சள் பூசணுமாம். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கோழி முட்டையைக் காப்பது மாதிரி காத்தேன்.

மறுநாள் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கல்லை லென்ஸில் பார்த்தார். அவர் கண் விரிந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து கேட்டார், "யாராவது விழுந்ததைப் பார்த்தீங்களா?"

பதினாலு கை உயர்ந்தது!

நேற்று ஒருத்தரும் பார்க்காத கல்லை இன்று ஊரே பார்த்திருக்கிறது. ஒருவர் பத்து மணி என்றார், ஒருவர் பன்னிரண்டு. சூடாக இருந்ததா என்று அந்த அம்மா கேட்க, பதினாலு பேரும் 'தோசைக்கல்லு மாதிரி' என்றார்கள். ஏகாம்பரம் ஒரு படி மேலே போனார். "நான்தாம்மா மொதல்ல எடுத்தேன். கையே வெந்துபோச்சு," என்று ஒரு பழைய தழும்பைக் காட்டினார். அவர் பேரைத்தான் அந்த அம்மா முதலில் எழுதப் போனார். கூட்டத்தின் ஓரத்தில், ஏனோ, செல்லத்துரையும் நின்றிருந்தார்.

அமுலுவுக்குப் பின்னால் நின்ற தசரதன் முகத்தைப் பார்த்தேன். பாவம், அது வெந்துகொண்டிருந்தது.

"யோவ், சும்மா இருய்யா!" என்று கத்தினான். "நீ பாத்தியா? அம்மா, எழுதிக்கோங்க. பதினொண்ணு பதினேழு. ஜில்லுனு இருந்துச்சு. நான் பாத்தேன், நான்தான் எடுத்தேன்."

அமுலு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "லிஸ்ட்டு வருதுய்யா... ஏழு வருஷம்யா..." என்றாள்.

"தெரியும்டி. ஏழு வருஷமா கம்பெனில ஒருநாளைக்கு ஆயிரம் பீஸ் செக் பண்ணி பாக்கறேன். எவனாவது என் பேர எழுதனானா? இத நான் பாத்தேன். இதயும் அந்த ஏகாம்பரத்துக்குக் குடுக்கச் சொல்றியா?"

எல்லோரும் செல்லத்துரையைத்தான் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பதினேழுக்கு இவன் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

அவர் துறை அம்மா பக்கம் திரும்பினார்.

"எம் பேரையும் எழுதிக்கிடுங்க மேடம். வெளிச்சம் தெக்கேயிருந்து வடக்க போச்சு. நான் வல்லம் வடகால்ல டீக்கடை வாசல்ல நின்னு பாத்தேன். இவன் சொல்லுத நேரம் சரிதான்."

"பதினொண்ணு பதினேழுக்கா சார்?" என்றான் தசரதன், மெதுவாக.

"ஆமாடே," என்றார் செல்லத்துரை. "அதுக்கு மேல ஒண்ணும் கேக்காத."

அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு இடத்திலிருந்து இரண்டு பேர் பார்த்தால்தான் பாதை கணக்குப் போட முடியுமாம். கல் இப்போது ஆய்வகத்தில். முடிவு நல்லபடி வந்தால் அதற்குப் பேர் பென்னலூர் — விண்கல்லுக்கு விழுந்த ஊர் பேரைத்தான் வைப்பார்கள். எனக்கு ஒரு பொடி கூடக் கிடைக்கவில்லை. பரவாயில்லை, அமுலுவுக்குப் புது டிரம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிளந்த மூடியைக் கொண்டுவந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் விண்கல் இடித்த பழைய காரையே பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மூடி எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்.

நேற்று லிஸ்ட் வந்தது. மூன்றாவது பேர் தசரதன்! அமுலு போனில் அழுதாள், நானும் அழுதேன். லீவு ரிஜிஸ்டரில் 'மனைவிக்குக் கால் முறிவு' என்பதை அடித்துவிட்டு, செல்லத்துரையே தன் கையால் 'வீட்டின் மீது விண்கல் விழுந்ததால்' என்று எழுதியிருக்கிறாராம்.

லீவு சொன்னது காலை ஐந்தரைக்கு. பதினொண்ணு பதினேழுக்கு விழப்போகிற கல் அவனுக்கு எப்படி ஐந்தரைக்கே தெரிந்தது என்று ஹெச்.ஆர். இதுவரை கேட்கவில்லை... நீங்களும் கேட்காதீர்கள்!