முத்துவுக்கு ஒரு தகப்பன்

இன்று காலை கொழும்பு கொட்டாஞ்சேனைச் சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தேன். நமது கையெழுத்துப் பத்திரிகையின் சென்ற இதழ் அங்கே கிடந்தது. கடைக்காரர் சுப்பையா என் துப்பறியும் தொடர்கதையை விடாமல் படிக்கிறாராம்.

கத்தி தொண்டைக்கு வந்ததும் கேட்டார்:

"ஐயா, துப்பறியிறவரு பேருக்கு முன்னால அப்பாவோட எழுத்து இருக்கு, க. ராஜசேகரன்னு. கூட வர்ற முத்து மட்டும் வெறும் முத்து. அவனுக்கு அப்பா இல்லீங்களா?"

"அவன் சும்மா கூடத் திரியிறவன்தானே," என்றேன், தலையை அசைக்காமல்.

"மூணு தடவை அவரைக் காப்பாத்தினது முத்துதானுங்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஐந்து வருடமாக என் கழுத்தை நம்பி ஒப்படைக்கும் இந்த மனிதரையும் நான் வெறும் சுப்பையா என்றே அறிவேன்.

"உங்கட தகப்பன்ர பேர் என்ன?"

கத்தியைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வேலாயுதமுங்க."

இந்த இதழிலிருந்து என் கதையில் வரும் முத்துவும் வெறும் முத்து அல்லர், வே. முத்து. நன்றி, வே. சுப்பையா அவர்களே.

யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டிலும் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன், நண்பர்களே. உங்கள் கதைகளில் இன்னும் யார் யார் தகப்பனில்லாமல் அலைகிறார்கள் என்று எழுதிவிட்டு இதழை அடுத்தவரிடம் கொடுங்கள்.