ஆஞ்சியோவுக்கு ஓர் அண்ணன்

நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், கூட யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் அந்த ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

எனக்குக் கூட வர யாரும் இல்லை. பிள்ளைகள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். திருவொற்றியூரில் ஒரே ஓர் அறை, வாடகைக்கு. அக்கம்பக்கம் நல்ல ஜனங்கள்தான், ஆனால் எல்லோரும் தினக்கூலி. எனக்காக ஒருநாள் பிழைப்பைக் கெடுத்துக்கொள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஹார்பரில் வின்ச் ஓட்டினவன் நான். வின்ச் என்றால் கப்பலுக்குள் கிடக்கும் மூட்டைகளைக் கயிற்றில் தூக்கும் யந்திரம். ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடி தெரியாது. விளிம்பில் ஒருவன் நின்று உள்ளே பார்த்துக் கையைக் காட்டுவான். அந்தக் கையை நம்பித்தான் தூக்குவதும் இறக்குவதும். அந்த வேலையில் இருந்தபோதே ஒருநாள் நெஞ்சு இழுத்துப் பிடித்தது. அப்போது ஈசிஜி ஒன்றுதான். காகிதத்தில் கோடு கோடாக வந்தது. கோடு நன்றாக இருக்கிறது, வாயுதான் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் பல வருஷம் பூண்டைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

ரிடையர் ஆன பிறகு, இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும், குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியவில்லை. இந்தத் தடவை ஓடுகிற பட்டையின்மேல் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டு, ஆஞ்சியோ எடுக்க வேண்டும் என்றார்கள். தொடை இடுக்கில் ஊசி குத்தி, அதன் வழியாக மெல்லிய குழாயை நெஞ்சு வரைக்கும் ஏற்றி, மருந்தைப் பாய்ச்சிப் படம் பிடிப்பது.

"அட்டெண்டர் இல்லாம எடுக்க மாட்டாங்க தாத்தா. ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள் நர்ஸ்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவரும் அதே பட்டையில் நடந்துவிட்டு வந்தவர்தான்.

"இன்னா, உனுக்கும் ஆளு இல்லியா?" என்றார்.

"இல்ல."

"எனுக்குக் கீது. துபாய்ல கீது. இன்னாத்துக்கு ஆவும்?"

மாத்தூர்க்காரர். மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் பார்த்தவர். அவர் மனைவியும் இல்லை. ஒரே மகன். கடலையை என் கையில் கொஞ்சம் கொட்டிவிட்டு யோசித்தார்.

"ஒண்ணு செய்யலாம். உனுக்கு எடுக்கசொல்லோ நான் வரேன். எனுக்கு எடுக்கசொல்லோ நீ வா."

"இன்னா ஒறவுன்னு கேப்பாங்களே."

"அண்ணன் தம்பின்னு சொல்லு."

"யாரு அண்ணன்?"

"நான்தான். உன் மூஞ்சிக்கு இன்னாத்துக்கு அண்ணன் பட்டம்?"

"தலயப் பாத்தா நீதான் பெர்சு, ஒத்துக்கறேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரித்ததில் மூச்சு வாங்கியது, அவருக்கும் வாங்கியது. அதைப் பார்த்து மறுபடியும் சிரித்தோம்.

என் முறைதான் முதலில் வந்தது. வருவாரா என்று வாசலிலேயே நின்றேன். வந்தார். சலவைச் சட்டை, கையில் ஃப்ளாஸ்க். நான் கைநாட்டு வைத்தேன், அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே ஒரே குளிர். மருந்து பாய்ந்தபோது உடம்பு முழுக்கச் சூடு பரவியது. தலையைத் திருப்பினால் டிவி தெரிந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்ததும் சேற்றில் கோடு கோடாகக் கால்வாய்கள் கிடக்குமே, அதுபோல என் நெஞ்சின் ரத்தக் குழாய்கள் கறுப்பாகத் தோன்றித் தோன்றி மறைந்தன. ஓர் இடத்தில் கோடு நூலாக இளைத்திருந்தது. வாழ்நாள் முழுக்க அடி தெரியாமல் ஓட்டினவனுக்கு அன்றைக்குத்தான் அடி தெரிந்தது. அதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள்.

வார்டில் தொடைமேல் மணல் மூட்டையை வைத்தார்கள். காலை மடக்கினால் ரத்தம் பீய்ச்சும், அசையக் கூடாது. மாத்தூர்க்காரர்தான் இட்லியைப் பிட்டு ஊட்டினார். மூத்திரப் பாட்டிலையும் அவரே பிடித்தார்.

"வெக்கப்படாதடா டேய். அண்ணன்தானே" என்றார்.

மனைவி போன பிறகு என்மேல் இன்னொருவர் கை பட்டது அன்றைக்குத்தான்.

சின்ன டாக்டர் ஒருவர் வந்தார். ஒரே ஓர் அடைப்பு, மாத்திரையில் சமாளிக்கலாம் என்றார். பிறகு, ஏதோ ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் ரத்தம் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "எல்லாரும் கொழுப்புன்னுதான் நினைக்கிறோம் பெரியவரே. அது மட்டும் இல்ல. நோயை எதிர்க்கிற அணுக்கள் இருக்கே, அதுங்களும் அங்க வந்து குழாய்ச் சுவத்துக்குள்ள மாட்டிக்கிட்டு வீங்க வைக்குது. அதைத்தான் பாக்கறோம்" என்றார்.

"எங்க கம்பெனி வாட்ச்மேன் கதைதான்" என்றார் மாத்தூர்க்காரர். "திருடனப் புடிக்கறேன்னு ஓடியாந்து கேட்டையே பேத்துட்டான்." டாக்டர் சிரித்துவிட்டார். நான் கையை நீட்டினேன்.

அவர் முறை அடுத்த வாரம். மனைவி செத்ததிலிருந்து பரணில் கிடந்த டிபன் கேரியரை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். ரசம் சாதம், உருளைக்கிழங்கு. உப்பு போட்டேனா என்று பஸ்ஸில் டோல்கேட் தாண்டுகிற வரைக்கும் அதே யோசனை. பெஞ்சில் உட்கார்ந்தேன். மாத்தூர்க்காரர் வந்தார். கூட உயரமாக ஒரு வாலிபன், சென்ட் வாசனையோடு.

"நேத்துதான் வந்தான். சேதி கேட்டு லீவு போட்டுனு ஓடியாந்துட்டான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேரியரைப் பார்த்தார்.

"யாருப்பா இவரு?" என்றான் மகன்.

"உன் சித்தப்பா."

"எனக்கு ஏது சித்தப்பா?"

"கீறாரு. இப்போதான் கெடச்சாரு."

நர்ஸ் வந்து, அட்டெண்டர் யார் என்றாள். மகன் எழுந்தான். நானும் எழுந்துவிட்டேன். ஒருவர்தான் வரலாம் என்றாள். நான் உட்கார்ந்தேன்.

கதவு மூடுவதற்குள் கேரியரை மகன் கையில் கொடுத்தேன். "மணல் மூட்ட நவுரக் கூடாது, பாத்துக்கப்பா. வெக்கப்படுவாரு, நீயே பாட்டிலப் புடி" என்றேன். சரி சரி என்று தலையாட்டினான். அங்கேயே இருந்திருக்கலாம்தான். எந்த உறவைச் சொல்லி இருப்பது?

பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது. அவர் வீடு எனக்குத் தெரியாது, என் வீடு அவருக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் செல்போன் கிடையாது. மாதா மாதம் மாத்திரை வாங்கப் போகும்போது வரிசையில் கேரியர் தெரிகிறதா என்று பார்ப்பேன். மகன் பிரைவேட்டில் காட்டுகிறானோ, துபாய்க்கே கூட்டிப்போய்விட்டானோ. நன்றாகத்தான் இருப்பார்.

அடுத்த வருஷம் எக்கோ எடுக்கக் கூப்பிட்டார்கள். குழாய் இல்லை, ஊசி இல்லை. நெஞ்சில் பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்தாலே நெஞ்சு திறந்து மூடுவது டிவியில் தெரியும். அவ்வளவு தூரம் வந்துவிட்டது வைத்தியம்.

"கூட யாரு வந்திருக்காங்க தாத்தா?" என்று அங்கேயிருந்த பெண் கேட்டாள்.

"அண்ணன் வரணும்மா. மாத்தூர்லேர்ந்து."

"இதுக்கு ஆளே வேணாம் தாத்தா" என்றாள். "சட்டையக் கழட்டிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."