டிபன் பாக்ஸ் ரோபோ

எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எந்தப் பொருளும் அம்மாவின் கையைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போகும். அப்பாவின் மினி லாரிக்கு முன்னால் எலுமிச்சையும் மிளகாயும்; பின்னால் நாக்கை நீட்டிக்கொண்டு ஓர் அசுர முகம். என் சைக்கிளுக்குக்கூட ஒரு கறுப்புக் கயிறு உண்டு. மதுராந்தகத்தில் நெல் மூட்டை ஏற்றும் லாரிக்காரர் வீட்டில் இதெல்லாம் சாதாரணம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில், ரோபோ செய்யக் கற்றுத்தரும் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். கடைசி நாள் போட்டி; வீட்டாரும் வந்து பார்க்கலாம். நானோ மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு என்று உறவுக்காரர்கள் அப்பாவின் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பாவே பஞ்சாயத்தை முடித்தார்.

"அந்த பொம்ம ஒயுங்கா ஓடட்டும். ஓடுச்சுன்னா நாலு வருஷம் மெக்கானிக்கலு. ஓடலன்னா டீச்சர் ட்ரெய்னிங்கு. அப்பால யாரும் பேசக்கூடாது."

என் தலையெழுத்து ஒரு டிபன் பாக்ஸ் மூடியின் மேல் உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே டிபன் பாக்ஸ் மூடிதான். பட்டறையில் என் ஜோடியாக வந்தவள் அச்சரப்பாக்கத்துப் பெண். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூடியில் இரண்டு மோட்டார், சக்கரங்கள், பேட்டரி எல்லாம் பொருத்தினோம். அடியில், முன்பக்கம், பட்டாணி அளவில் இரண்டு சென்சார்கள். வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு டேப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நின்று பார்த்துக்கொண்டே போகும். எதற்குக் கறுப்பு தட்டுப்படுகிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். அவ்வளவுதான் அதன் அறிவு. நான் ஈயத்தை உருக்கி வயரை ஒட்டும்போது விரலைச் சுட்டுக்கொண்டு கத்துவேன், அவள் சிரிப்பாள். அவள் வயரை மாற்றி மாட்டுவாள், நான் திட்டுவேன். எப்படியோ அது ஓடிவிட்டது.

போட்டிக்கு முந்தின நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் சார்ட் பேப்பரை விரித்து ஓட்டிக் காட்டினேன். அக்கம்பக்கமெல்லாம் வந்து வாயைப் பிளந்தது. வளைவில் அது தானாகவே திரும்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் முகம் மட்டும் சுருங்கிப்போனது.

"அத்தினி பேர் கண்ணும் இதும் மேலதான்டி. ஒரு பொட்டு வெச்சுடறேன்."

"காலேஜ்ல எல்லாம் சிரிப்பாங்கம்மா! பாக்குற மாரி எதுனா வெச்சியோ, உன்னாண்ட பேசவே மாட்டேன்" என்று பாய்ந்தேன். அம்மா பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

மறுநாள் லாரியிலேயே கிளம்பினோம். ரோபோ துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் மடியில் வந்தது. திருக்கழுக்குன்றத்தில் அப்பாவும் நானும் டீ குடிக்க இறங்கினோம். அம்மா தனக்கு வேண்டாம் என்று வண்டியிலேயே இருந்துவிட்டாள்.

போட்டியில் எங்கள் முறை வந்தது. கோட்டின் மேல் வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். ரோபோ இடப்பக்கம் திரும்பியது. இன்னும் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது.

"இன்னாம்மா இது, செக்கு மாடு மாரி சுத்திகினே கீது?" என்று பின்வரிசையிலிருந்து அப்பாவின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் ட்ரெய்னிங் வாசலில் நான் நிற்பதுபோலவே இருந்தது. என் ஜோடி வயரையெல்லாம் இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. "இன்னொரு சான்ஸ் தர்றேன். சீக்கிரம் பாருங்க" என்றார் நடுவராக இருந்த பேராசிரியர்.

ரோபோவைக் கவிழ்த்தேன். இடப்பக்கச் சென்சாரின் மேல் அழகாக, வட்டமாக ஒரு மைப் பொட்டு. எங்கள் வீட்டு மை. எந்தத் தரையில் விட்டாலும் அந்தப் பக்கம் கறுப்புதானே தெரியும்!

"அம்மா!" என்று நான் கத்தியது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பாக்குற மாரி வெக்காதன்னியே? கொயந்தைக்கு உள்ளங்கால்ல வெப்போமே, அப்டி வெச்சேன்."

"அது கால் இல்லம்மா, கண்ணு!"

"கண்ண போயி எவனாச்சும் அடியில வெப்பானா?" என்று என்னையே கேட்டாள். அடுத்த நொடி அவள் குரல் இறங்கிவிட்டது. "நல்லா ஓடணும்னுதான்டி வெச்சேன்."

முந்தானை நுனியை எச்சில் தொட்டு, என் கன்னத்தில் ஒட்டிய சோற்றைத் துடைப்பது போலவே துடைத்தாள். எண்ணெய் மை அதற்கெல்லாம் மசியவில்லை. அச்சரப்பாக்கத்துக்காரி ஓடிப்போய், சர்க்யூட் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துக் கொண்டுவந்தாள். மறுபடி வைத்தோம். வளைவுகளில் மறக்காமல் திரும்பி, கோடு முடியும் இடம் வரை போய்ச் சேர்ந்தது. எங்களைவிட வேகமான ரோபோக்கள் நிறைய இருந்ததால் பரிசு கிடைக்கவில்லை. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் தடவை சுற்றியதை அப்பா எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்பதுதான் பயம். அவர் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும் நேரம். லாரிக்குள் ஏறி ரோபோவை மடியில் வைத்துக்கொண்ட அம்மா, இடுப்பிலிருந்து மைச் சிமிழை எடுத்துக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"மேல வெச்சா ஒண்ணும் ஆவாதில்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள், சாவியைத் திருகிக்கொண்டே அப்பா சொன்னார்:

"நல்லா பெருசா வெய்யி. இன்னும் நாலு வருஷம் ஓடணும் இல்ல?"