மணம் ஏறவில்லை

ஸ்லாவி ஊர்த் தேயிலை ஆலையில் சுவை பார்க்கிற துரினா 'மணம் ஏறியது' என்று எழுதினால்தான் மல்லிகைத் தேயிலை பெட்டிக்குள் போகும். 'மணம் ஏறவில்லை' என்று எழுதினால் அந்தக் குவியலுக்குப் பூ கொடுத்தவர்களுக்குக் கூலி வெட்டு. அதே தோட்டத்துக்கு இரண்டாம் முறையும் எழுதினால், இனி அங்கிருந்து பூவே வேண்டாம். இப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த துரினாவுக்கு இருபது மாதங்களாக எந்த வாசனையும் தெரியாது.

அது அவள் கணவன் தர்கிமுக்கு மட்டும் தெரியும். அவன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவன். வீட்டில் சோறு வேகவேண்டுமானால் அவள் மூக்கு வேலை செய்தாக வேண்டும், அல்லது வேலை செய்வதாக நாலு பேர் நம்பவேண்டும்.

காலை எட்டு மணிக்கு மேசையில் பத்துக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டித் தகர வாளியில் துப்புவாள். பிறகு கண்ணை மூடிச் சற்று நேரம் இருப்பாள். முன்பு அந்த நேரத்தில் மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குள் விரியும். இப்போது அந்த நேரத்தில் அவள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணினாள்.

பதினாறு வயதில் சலிக்கும் கொட்டகைக்கு வந்தவள் அவள். ஒருநாள் ஒரு குவியலை முகர்ந்து, "இதுல மண்ணெண்ணெய் இருக்கு" என்றாள். மேஸ்திரிகள் சிரித்தார்கள். விசாரித்தபோது, பூக்கூடை வந்த லாரி முதல்நாள் மண்ணெண்ணெய் டின் ஏற்றிய லாரி என்று தெரிந்தது. அப்போதைய முதலாளி அவளைச் சுவை மேசைக்கு மாற்றினார். "துப்புறதுக்கு ஒரு பொம்பளைக்கு நாற்காலியா?" என்று ஆண்கள் கேட்டார்கள். "நீங்க வெத்தலையத் தெருவுல துப்புறீங்க. நான் சம்பளத்துக்குத் துப்புறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவள், இருபத்து நான்கு வருடம் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பி முதல் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். வெந்நீர் ஆவி முகத்தில் பட்டது, அவ்வளவுதான். இஞ்சித் தேநீர் தொண்டையைச் சுட்டது. இலவங்கம் நாக்கை மரக்க வைத்தது. எலுமிச்சைப்புல் போட்டது கிணற்றுத் தண்ணீரைப் போல இருந்தது. ரம்பை இலையில் பச்சை நிறம் மட்டும் மிச்சம். சிவந்த புளிச்சைப்பூ புளித்தது. மல்லிகை கசந்தது. அந்தக் கசப்புக்குள் ஒரு பூ இருந்ததற்கு அடையாளமே இல்லை.

"வாசனை நரம்பு செத்திருக்கு. சிலருக்குத் திரும்பும். உங்களுக்கு நாள் ரொம்பக் கடந்துபோச்சு, எதிர்பார்க்காதீங்க" என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரி அவளை ஒரு மந்திரக்காரரிடம் இழுத்துப்போனாள். மல்லிகைக்குக் காவலான தேவதை ஒருத்தி கோபித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கறுப்புக் கோழி கொடுக்கவேண்டும் என்றார் அவர்.

"அந்தக் கோழிக்கு என்னைவிட நல்ல மூக்கு இருக்கும். அது உயிரோட இருக்கட்டும்" என்று துரினா எழுந்து வந்துவிட்டாள். காய்ச்சல் கிருமியால் வந்தது, நரம்பு செத்தது, எந்தக் காவல்காரியும் கோபிக்கவில்லை; இதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அந்தத் தெளிவை ஆலை வாசலுக்குள் கொண்டுபோகத்தான் தைரியம் வரவில்லை.

மூக்குக்குப் பதில் கண்ணை வைத்து ஓட்டினாள். மல்லிகை மொட்டு பகலில் பறிபட்டு, இரவு தேயிலைக்குள் கிடந்து விரிந்து, இருக்கிற மணத்தையெல்லாம் இலைக்குக் கொடுத்துவிட்டுக் காலையில் பழுத்து வாடிப்போகும். இதழ் பழுப்பாக இருந்தால் 'ஏறியது' என்று எழுதினாள். வெள்ளையாக விறைத்து நின்றால் 'ஏறவில்லை'. பெரும்பாலும் சரியாகவே வந்தது. வந்ததாக அவள் நினைத்தாள்.

பெட்டியில் அச்சடிக்க ஒவ்வொரு தேநீருக்கும் அவள் ஒரு வரி எழுதித் தருவது வழக்கம். மணம் தெரிந்த காலத்தில் 'நல்ல மல்லிகை, சற்றுப் பச்சை வாடை' என்று வறட்டுத்தனமாக எழுதியவள், இப்போது நினைவில் கிடந்ததையெல்லாம் தோண்டி எழுதினாள். எலுமிச்சைப்புல்லுக்கு, 'மழை விட்டதும் வேலியோரம் நடந்தது போல.' பழைய முதலாளியின் மகன் சுதர்மோ, இப்போதைய முதலாளி, படித்துப் பார்த்துத் தலையாட்டினார். "வயசு ஆக ஆக உங்க நாக்கு கூராகிக்கிட்டே போகுது அக்கா." இஞ்சித் தேநீருக்கு 'சர்க்கரை நோயைத் தீர்க்கும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னபோது மட்டும் அவள் மறுத்தாள். "என் நாக்கு டாக்டருக்குப் படிக்கல பாக்" என்றாள்; 'ஐயா' என்பதற்கு அந்த ஊரில் 'பாக்'. அந்த வரி அவளில்லாமலே அச்சானது.

ஆகஸ்ட் பிறந்தது. வறண்ட காலத்துக் குளிர்காற்று இரவெல்லாம் வீசியது. சுராதாதி கடலோரத் தோட்டத்திலிருந்து வந்த பூக்கள் காலையில் வெள்ளையாகவே கிடந்தன. துரினா 'ஏறவில்லை' என்று எழுதினாள். நான்கு நாள் கழித்து அதே தோட்டம், அதே வெள்ளை. மறுபடியும் எழுதினாள்.

மறுநாள் மதியம் ரோகாயா வீட்டுக்கு வந்தாள். ஒரு காலத்தில் துரினாவோடு ஒரே சல்லடையின் மறுமுனையைப் பிடித்தவள். இப்போது அந்தத் தோட்டத்தில் பூப் பறிக்கிற பதினான்கு பெண்களுக்குத் தலைவி. வெறுங்கூடையைத் தரையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, எங்கமேல உனக்கு என்ன கோவம்?"

"கோவமா? எதுக்கு?"

"காலையில கூடை எடுக்க வந்தேன். கொட்டகை வாசல்லயே தலை வலிக்கிற அளவுக்கு வாசம். வண்டிக்காரன்கூட 'உள்ள எவளுக்குடி கல்யாணம்'னு கேக்கறான். நீ ரெண்டு தடவையும் ஏறலேன்னு எழுதிட்டே. பதினாலு பேரையும் இனி வரவேணாம்னுட்டாங்க."

"பூ வெள்ளையாவே இருந்துச்சு ரோகாயா."

"வெள்ளையாத்தான் இருக்கும்! இந்தக் குளிர்ல எனக்கே பல்லு கிட்டிக்குது, பூ எப்படிப் பழுக்கும்? சல்லடை புடிச்ச உனக்கு இது தெரியாதா? நீ மோந்தியா, இல்ல வெறுங்கண்ணால பாத்துட்டு எழுதினியா?"

துரினாவின் கண் வெறுங்கூடைக்குப் போனது. ரோகாயா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"நாளைக்குள்ள போய்ப் பேசு. மொட்டு நமக்காகக் காத்திருக்காது. செடியிலயே விரிஞ்சுட்டா ஆட்டுக்குத்தான்."

அவள் போனதும் தர்கிம் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தான். "போய்ச் சொல்லிட்டா நாம எதைத் தின்றது?"

"சொல்லாட்டி அவங்க எதைத் தின்றது?"

"அவங்க பதினாலு பேரு. ஒருத்திக்கு ஒருத்தி பாத்துப்பாங்க. நாம ரெண்டே பேரு."

அவன் கெட்டவனில்லை. பசியை அவன் அப்படித்தான் கணக்குப் போடக் கற்றிருந்தான்.

மறுநாள் காலை துரினா மேசைக்குப் போகாமல் நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"பாக், சுராதாதித் தோட்டத்துக்கு நான் எழுதின ரெண்டு சீட்டையும் கிழிச்சுப் போடுங்க. தப்பு என்னோடது. எனக்கு மூக்கு செத்து இருபது மாசமாச்சு."

சுதர்மோ திடுக்கிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அக்கா. தெரியும்."

"தெரியுமா?"

"போன வருஷம் நோன்புக்கு முன்னாடி, உங்க வரிசையில பூவே படாத வெறும் தேயிலை ஒரு கிண்ணம் வெச்சேன். பக்கத்துல வாடின பூ ஒரு பிடி. 'நன்றாக ஏறியது'ன்னு எழுதினீங்க. கீழ ஒரு வரியும் எழுதினீங்க, 'கிணற்றடியில் அவிழ்ந்த கூந்தல்'னு. அருமையான வரி. இப்பவும் பெட்டியில ஓடுது."

"அப்புறம் ஏன் என்னை வெச்சிருந்தீங்க?"

அவர் சன்னலைக் காட்டினார். கிடங்கின் ஓரத்தில் நீல டிரம்கள் நின்றன. அவள் தினமும் கடந்துபோகிற டிரம்கள்தான். "அதுல மல்லிகை எசென்ஸ். தெளிச்சுட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் பழைய பூவைத் தூவிடுவோம். ஆனா பெட்டியில 'இயற்கை மல்லிகை'ன்னு போடணும்னா சுவை பாக்கறவங்க கையெழுத்து வேணும். மூக்கு இருக்கறவன் கேள்வி கேப்பான். நீங்க கேக்கல."

"அப்ப ரோகாயா கொண்டுவந்த பூ?"

"அது அசல்தான். அதனாலதான் விலை கூட. நிறுத்த ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தேன், நீங்களே எழுதிக் குடுத்தீங்க."

"நான் வெளிய சொல்லுவேன் பாக்."

"சொல்லுங்க. என்னன்னு? இருபது மாசம் பொய்க் கையெழுத்து போட்டேன்னா?" அவர் தன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "குடிங்க அக்கா, ஆறிடப் போகுது."

அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. சீட்டும் டிரம்மும் பெட்டியும் கையில் இருப்பவனுக்குக் கத்தவேண்டிய அவசியமே வருவதில்லை. துரினா கோப்பையைத் தொடாமல் எழுந்தாள். சுவை மேசை இழுப்பறையிலிருந்த தன் கரண்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆலையை விட்டு வெளியே வந்தாள்.

அவள் சும்மா வீட்டுக்குப் போய்விடவில்லை. புகார் வாங்குகிற அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"எசென்ஸ் தெளிக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

"முதலாளியே சொன்னாரு."

"எழுத்துல இருக்கா?"

"இல்ல."

"சரி, நீங்க மோந்து பாத்து வித்தியாசம் கண்டுபிடிச்சீங்களா?"

"எனக்கு வாசனை தெரியாது தம்பி. அதைத்தானே சொல்ல வந்திருக்கேன்."

அவன் பேனாவை மூடினான். "அப்ப மோந்தவங்க யாராவது வந்து சொல்லணும். அந்த ஆலையில வேலை செய்யறவங்களா இருக்கணும், பட்டியல்ல பேர் இருக்கணும்."

கூடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய அந்தப் பதினான்கு பெண்களின் பெயரும் எந்தப் பட்டியலிலும் ஒருநாளும் இருந்ததில்லை. பத்து வருடமாக அந்த ஆலைக்கு மணம் கொடுத்தவர்கள், காகிதத்தில் பிறக்கவே இல்லை. துரினா அந்த இளைஞனிடம் இதைச் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அவன் வருத்தப்பட்டான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

சாயங்காலம் சுராதாதிக்குப் பஸ் ஏறினாள். ரோகாயாவின் வீடு தோட்டத்தின் எல்லையிலேயே இருந்தது. துரினா நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள், டிரம் வரைக்கும். ரோகாயா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"இருபது மாசம்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பாத்திமாவுக்குக் கூலி வெட்டினாங்களே. அதுவும் உன் சீட்டுதான்?"

துரினா தலையாட்டினாள்.

"'எனக்குத் தெரியல'ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதும்க்கா. எங்க வாசத்தை நாங்களே சொல்லியிருப்போம்." ரோகாயா திட்டியிருக்கலாம், துரினா அதற்குத்தான் வந்திருந்தாள். திட்டு வரவில்லை. "மூக்கு இருக்கறவ சொல்லு அங்க ஏறாது. சொல்லு ஏறுற இடத்துல நீ உக்காந்திருந்தே. நல்ல கூத்து."

"வேற தோட்டத்துல ஏதாவது..."

"எல்லாத் தோட்டத்துப் பூவுக்கும் பதிலா டிரம் வரும். கம்பெனிக்காரன் என்ன, ஒரே டிரம்மோடயா நிறுத்துவான்?"

மண் கூஜாவில் தேநீர் ஊறியது. அன்று காலை பறித்த கைப்பிடி மொட்டை ரோகாயா அதிலேயே போட்டிருந்தாள். வேறு யார் வாங்கப்போகிறார்கள்? கோப்பையில் ஒரு கல்கண்டைப் போட்டு, கலக்காமல் ஊற்றி நீட்டினாள். துரினா பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சினாள். துப்ப வாளியில்லை. விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" ரோகாயா கேட்டாள். ஏளனமா, உண்மையிலேயே கேட்டாளா, தெரியவில்லை.

பெட்டிகளின்மேல் எத்தனையோ வரி எழுதியவள் யோசித்துப் பார்த்தாள்.

"சூடா இருக்கு" என்றாள். சற்றுப் பொறுத்து, "கசக்குது" என்றாள். கல்கண்டு இன்னும் கரையவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியது. பறிக்க ஆளில்லாமல் விடப்பட்ட மொட்டுகள் தோட்டம் முழுக்க, வரிசை வரிசையாக, செடியிலேயே விரிந்துகொண்டிருந்தன. காற்று கடல் பக்கமிருந்து திரும்பி, தோட்டத்தின் வழியே வீட்டுக்குள் வந்தது. ரோகாயா முகத்தைச் சுளித்து, தலைத்துணியின் முனையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்துத்தான் துரினாவுக்குத் தெரிந்தது, பூ விரிந்துவிட்டது என்று.