முள் இல்லாத வாட்சும் லாட்ஜ் வேலையும்

எனக்கு முதல் வேலை கொடுத்தவர் தென்காசியில் ஒரு கட்டடக் காண்ட்ராக்டர். எண்பதுகளின் தொடக்கம். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்து, இரண்டு வருடமாக வீட்டில் சும்மா இருந்தேன். ஐந்தருவி போகிற சாலையில் அவர் கட்டிக்கொண்டிருந்த லாட்ஜுக்கு மஸ்டர் ரோல் எழுதக் கூப்பிட்டார். காலையில் பேர் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பேர் கூப்பிடுகிறவள் என்பதால் எனக்கு ‘டீச்சர்’ என்று பட்டம். என் அப்பா வயதிருக்கும் தலைமைக் கொத்தனார்கூட வெற்றிலை வாயோடு கையைத் தூக்கி, “உள்ளேன் டீச்சர்” என்பார்.

காண்ட்ராக்டரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. எந்தக் கட்டடத்தை எடுத்தாலும் கூலி, எஸ்டிமேட்டைத் தாண்டிவிடும். எந்த வேலையில் தாண்டியது என்று மட்டும் தெரியாது. “எல்லாம் பீடியில போகுது” என்பார்.

அப்போதுதான் துபாயிலிருந்து வந்த அவர் மச்சினர் ஒரு டிஜிட்டல் வாட்ச் கொடுத்தார். முள் கிடையாது. கண்ணாடிக்குள் எண்கள், நொடி ஓடிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் நான்கு பொத்தான்கள். கட்டிய மூன்றாம் நாள் அண்ணாச்சி கடையத்தில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து அவர் மணிக்கட்டிலிருந்து குதூகலமாக ஒரு மெட்டு கிளம்பியது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நிற்கவில்லை. ஒன்றை அமுக்கினால் விளக்கு வேறு எரிந்தது. கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு தெருமுனை வரை ஓடியதாக அவரே சொன்னார். அன்றைக்கே அவர் மனைவி, “அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது” என்றுவிட்டார்.

மறுநாள் வாட்ச் என் மேஜைக்கு வந்தது.

“இந்தா பிள்ள, இனிமே வெறும் டிக்கு அடிக்காத. ஒவ்வொருத்தனும் எந்த வேலையை எத்தன மணிக்குத் தொடங்குதான், எத்தன மணிக்கு முடிக்கான், எல்லாத்தையும் எழுது. செங்கல் கட்டுக்கு எவ்வளவு, பூச்சுக்கு எவ்வளவு, சும்மா இருந்ததுக்கு எவ்வளவு? ரெண்டு வாரத்துல எனக்குத் தெரிஞ்சாவணும்.”

வாட்ச் என் முழங்கை வரை வழுக்கியது. அதைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவுமாகச் சாரத்தைச் சுற்றி வந்தேன். முதல் நாள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமைக் கொத்தனார் வெற்றிலை துப்பிவிட்டு வந்து, “இதையும் எழுதிட்டியளா?” என்று கேட்டார்.

“இல்ல கொத்தனாரே.”

“எழுதிக்கோங்க. ஒரு நிமிசம்னு போடுங்க. ரெண்டுன்னு போட்றாதீய.”

கலவை சுமக்கிற சித்தாள்களில் மூத்த அக்கா ஒருத்தி மட்டும் வந்து என் கையைப் பிடித்து வாட்சை உற்றுப் பார்த்தாள். “ஏட்டி, இது என்ன, நிக்கவே மாட்டேங்குது? இதுக்கு மத்தியானச் சோறு கெடையாதா?” என்றாள்.

இரண்டு வாரம் எழுதினேன். சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு வேலையாகக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. மறுபடி கூட்டினேன். அதேதான் வந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். ஆட்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, “படி பிள்ள, எல்லாவனும் கேக்கட்டும்” என்றார்.

“அண்ணாச்சி, நீங்க தனியா ஒரு தடவ பாத்துட்டா...”

“என்னத்துக்குத் தனியா? சத்தமா படி.”

படித்தேன். செங்கல் கட்டு, பூச்சு, தண்ணீர்த் தொட்டி வரை அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பீடி, வெற்றிலை, டீ எல்லாம் சேர்த்து அவர் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை. அடுத்தது, மணல் லாரி வராமல் காத்திருந்தது: முப்பத்தொரு மணி நேரம். லாரியை அனுப்புகிறவர் அண்ணாச்சி. அதற்கடுத்தது, முதலாளியான அண்ணாச்சி வீட்டு மாட்டுத் தொழுவ வேலைக்கு ஆட்கள் போனது: இருபத்தாறு. கடைசி வரியில் நிறுத்திவிட்டேன்.

“மிச்சத்தையும் படி.”

“முதலாளி பேசும்போது எல்லாரும் வேலைய நிறுத்திட்டு நின்னது... ஒம்போது மணி நேரம்.”

சாரத்தின் மேலிருந்து யாரோ இருமினார்கள். சித்தாள் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“ஒம்போது மணியா? நான் என்ன கதாகாலட்சேபமா பண்ணுதேன்?” என்றார் அண்ணாச்சி. கூலியைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே ஸ்கூட்டரில் ஏறிப் போனார். வேலை போய்விட்டதென்றே நினைத்து வீட்டில் அழுதேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், மணல் ஏற்கெனவே கொட்டிக் கிடந்தது. பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். வழக்கம்போல இடுப்பில் கை வைத்து, “நான் அந்தக் காலத்துல செங்கோட்டையில ஒரு கட்டடம்...” என்று ஆரம்பித்தவர், என் மணிக்கட்டைப் பார்த்து நிறுத்தினார். ஜன்னல் உயரத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி, மெதுவாகக் கேட்டார்: “எத்தன நிமிசம் பிள்ள?”

“நாலு, அண்ணாச்சி.”

பாஸான பையன் மாதிரி சிரித்துக்கொண்டு போனார். அந்த மாதக் கூலி எஸ்டிமேட்டுக்குள் நின்றது.

இதைக் கவனித்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டாள். “எல்லாத்தையும் எழுதுதியே, நாளைக்கு ஏழரைக்கு இங்கன வந்து பாரு.” அப்பாவைச் சைக்கிளில் கொண்டுவிடச் சொல்லிப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எட்டரைக்குத்தான் பேர் கூப்பிடுவது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவளும் இன்னும் இரண்டு பெண்களும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு செங்கல்லை நனைத்து, மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லை. எழுதினேன். அந்தச் சனிக்கிழமை அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார், கொஞ்சம் முனகினார், பிறகு மூன்று பேருக்கும் அந்தக் கூலியையும் சேர்த்துக் கொடுத்தார். அதன் பிறகு பெண்களுக்கு ஏழரையிலிருந்துதான் கணக்கு.

அக்கா பணத்தைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டே, அண்ணாச்சி காதில் விழும்படி கேட்டாள்: “ஏட்டி டீச்சர், நீ எத்தன மணிக்கு வாரேன்னு யாரு எழுதுதா?”

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தென்காசியிலிருந்து வருகிற பஸ் என்னை என்றைக்கும் எட்டரைக்கு முன்னால் கொண்டுவிட்டதில்லை. திங்கட்கிழமையிலிருந்து மஸ்டர் ரோலின் கடைசியில் என் பேரையும் வந்த நேரத்தையும் எழுதினேன், என் கையாலேயே. தாமதமான நிமிடங்களையெல்லாம் கூட்டி, அந்த மாதம் எனக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.